அண்ணன் மகளாக எல்லை கடந்த என் மகள்

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
மடக்கு மேசை, நகல் கடை வாசல்,
தங்கள் அலுவலகத்திற்கு எதிர்ச்சாரி.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
குடும்ப அனுமதிப் பிரிவு, இரண்டாம் தளம்,
அண்டை நாட்டுக் குடிபெயர்வு அலுவலகம்.

பொருள்: ஒன்பது வயதுச் சிறுமி, இறந்துபோன வேறொரு சிறுமியின் பெயரில் தங்கள் நாட்டில் வசித்து வருவது. அவளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பிக்க, எங்கள் அனுமதி இம்மாதம் 25ஆம் தேதி காலாவதியாகும் முன் ஆவன செய்யக் கோருவது.

பார்வை: 1. என் முதல் புகார் மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு வரிப் பதில். 3. என் நினைவூட்டு மனுக்கள் ஐந்து (பதில் வரவில்லை).

மதிப்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்திற்கு எதிரே மனு எழுதிப் பிழைத்து வருகிறேன். தாங்கள் காலையில் காரைவிட்டு இறங்கும்போது இடப்பக்கம் திரும்பினால் தெரியும் பச்சைக் குடை என்னுடையது. தாங்கள் திரும்பியதில்லை. தங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பத்துக்கு நான்கு என் கையெழுத்தில் இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லாத விண்ணப்பம் என்றால் அது என்னுடையது என்று தங்கள் கீழ்த்தளத்து ஊழியர்களே சொல்வார்கள். அதிகாரிகள் பொருள் வரியையும் கடைசிப் பத்தியையும் மட்டுமே படிப்பார்கள், அதனால் நடுவில் அதிகம் புலம்பாதீர்கள் என்பதுதான் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் புத்திமதி. இந்த மனுவில் நானே அதை மீறுகிறேன். நடுவில் இருப்பதையும் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. இதில் இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். ஒருத்தி என் அண்ணன் மகள். வீட்டில் அவளை மொட்டு என்போம். இன்னொருத்தி என் மகள், வாலு. மூன்று மாத இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே சாயல். அவர்களுடைய பள்ளிப் பெயர்கள் இரண்டும் தங்கள் பதிவேடுகளில் இப்போது சிக்கிக் கிடப்பதால், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இந்த வீட்டுப் பெயர்களைக் கொண்டே எழுதுகிறேன். முழுப் பெயர்கள் இணைப்பில் உள்ளன.

3. தங்கள் நாட்டுக்குக் குடும்பத்தோடு போக விரும்புகிறவர்களுக்கு என்னென்ன வழிகள் என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் என் மேசையில் சொல்லும் விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் அலுவலகத்தில் யாரும் இதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று, வேலை அனுமதி: ஆள் மட்டும் போகலாம், மனைவி மக்களை மறந்துவிட வேண்டும். இரண்டு, குடும்ப அனுமதி: வேலைக்கு அழைப்பு உள்ளவர் தன் குடும்பத்தோடு குடியேறலாம். மூன்று, உறவினர் அனுமதி: அங்கே குடியேறிய உடன்பிறந்தவர் கையெழுத்துப் போட்டால் இங்கே இருப்பவரும் குடும்பத்தோடு போகலாம். நான்கு, வருகை அனுமதி: முப்பது நாள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் மேலே சொன்ன இரண்டுக்கோ மூன்றுக்கோ ஒருமுறை விண்ணப்பித்தவருக்குக் குடியேறும் எண்ணம் இருப்பதாகக் கருதி நான்காவது வழியை அடைத்துவிடுவீர்கள்.

4. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. அனுமதியில் பெயர் உள்ள அனைவரும் முப்பது நாளுக்குள், ஒரே நாளில், சேர்ந்து எல்லையைக் கடக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அனுமதி செத்துவிடும். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் ஐந்து ஆண்டு கழித்துத்தான். ஒருவர் ஏன் குறைந்தார் என்று எழுதுவதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. ஒருமுறை நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் எழுதியதால் படிவம் திரும்பி வந்தது.

5. என் அண்ணன் வெல்டர். தங்கள் நாட்டில் ஒரு பட்டறையிலிருந்து அவருக்கு வேலை அழைப்பு வந்தது. அண்ணன், அண்ணி, மொட்டு மூவருக்கும் குடும்ப அனுமதி கேட்டு நானே விண்ணப்பம் எழுதினேன். காதுகள் தெரிய மூவரும் சேர்ந்து எடுத்த போட்டோவை நானே ஒட்டினேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தாங்கள் கைரேகை எடுப்பதில்லை, அங்க அடையாளம் மட்டும் கேட்பீர்கள். மொட்டு ஊஞ்சலிலிருந்து விழுந்து அடிபட்டவள். ‘இடது புருவத்துக்கு மேல் ஓரங்குலத் தழும்பு’ என்று எழுதினேன். ‘குறிப்பிடும்படி இல்லை’ என்று எழுதினாலும் தாங்கள் ஏற்றிருப்பீர்கள். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்குத்தான் கட்டத்தைக் காலியாக விடப் பிடிக்காது. தொழில் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. பதினேழு மாதம் கழித்து அனுமதி வந்தது. அது வருவதற்கு இரண்டு நாள் முன்பு மொட்டு காய்ச்சலில் இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். தங்கள் அலுவலகத்தின் உறையை வாங்க அண்ணன் வரவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே மூன்று அட்டைகள் இருந்தன. மூன்றாவது அட்டையில் முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு மொட்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

7. அன்றே மூன்றாம் கவுண்டருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, அதில் ஒரு ஆள் குறைகிறது, என்ன செய்யலாம் என்று பொதுவாகக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என்னை நன்றாக அறிந்தவர். “அனுமதில மூணு பேருன்னா மூணு பேரு வந்து நிக்கணும். கேட்டுல தலையத்தான் எண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியாததா சார்?” என்றார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் சொன்னது விதி. அந்த விதிக்குள் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தது நான்.

8. வீட்டில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர்கள் இன்னும் ஒரு மாதம்தான் காத்திருப்பார்கள். “டேய், ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வழி சொல்றியே, எனக்கு ஒரு வழி சொல்லுடா” என்றார். நான் சொன்னேன். முதலாவது, மொட்டுவின் சாவைப் பதியாதே என்றேன். அடக்கம் செய்த இடத்தில் கல்கூட வைக்கவிடவில்லை. எங்கள் தொழிலில் பதியாத சாவு சாவே இல்லை. இரண்டாவது, வாலுவை மொட்டுவாகக் கூட்டிக்கொண்டு போ என்றேன். மூன்று மாதத்தில் விடுப்பில் வரும்போது அவளைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். பிறகு அண்ணன் கையெழுத்துப் போட்டு எங்கள் மூவருக்கும் உறவினர் அனுமதி வாங்குவது. இதுதான் ஏற்பாடு. இதில் எனக்கும் லாபம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அண்ணன் போகாவிட்டால் மூன்றாவது வழி எனக்குத் திறக்காது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை அனுப்பிவைத்துக்கொண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க எனக்கு அலுத்துவிட்டது.

9. வாலுவைத் தயார் செய்தது நான். இதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான்கு வார்த்தைகளை மாற்ற வேண்டியிருந்தது. பெரியப்பா இனி அப்பா. பெரியம்மா இனி அம்மா. அப்பா இனி சித்தப்பா. அம்மா இனி சித்தி. பிள்ளை கெட்டிக்காரி, முதல் நாளே ஒப்பித்துவிட்டாள். பெயர்தான் கஷ்டமாக இருந்தது. அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து “வாலு” என்று கூப்பிடுவேன். திரும்பினால் ஒரு அடி. பிறகு “மொட்டு” என்று கூப்பிடுவேன். திரும்பாவிட்டால் இரண்டு அடி. முதல் வாரம் அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இரண்டாவது வாரம் சிரிப்பதை விட்டாள். பதினெட்டாவது நாள் “வாலு” என்று மூன்று முறை கூப்பிட்டும் அவள் முதுகு அசையவில்லை. அன்றைக்கு நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

10. புருவத் தழும்பும் வேண்டியிருந்தது. நான்தானே எழுதியிருந்தேன், ஓரங்குலம் என்று. அதை முதல் நாளே முடித்தால்தான் முப்பது நாளுக்குள் ஆறும் என்பதால் பாடம் தொடங்கும் முன்பே முடித்தோம். என் மனைவியைக் கடைக்கு அனுப்பினேன். அண்ணன் பிடித்துக்கொண்டார், நான் செய்தேன். பிளேடு புதியது. இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத என்னால் முடியவில்லை. கடையிலிருந்து வந்த என் மனைவி பிள்ளையின் முகத்தில் இருந்த கட்டைப் பார்த்தாள். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

11. அண்ணியும் முதலில் இதற்கு ஒப்பவில்லை. வாலுவின் பக்கம் திரும்பவே மாட்டார். தட்டை அவள் முன்னால் வைக்கும்போதுகூட முகத்தைப் பார்க்காமல் வைப்பார். கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் பார்த்தார். தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மொட்டுவின் கவுனை எடுத்து வாலுவுக்குப் போட்டுவிட்டார். அளவு சரியாக இருந்தது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். எனக்கு விண்ணப்பம் படிக்கத் தெரியும், மனுஷ முகம் படிக்கத் தெரியாது என்பது அப்போது விளங்கவில்லை.

12. இருபத்தாறாவது நாள் எல்லைக்குப் போனோம். வழியனுப்ப நானும் கேட்டுவரை போயிருந்தேன். தங்கள் சிப்பந்தி அட்டையைப் பார்த்தார், புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். “எப்பம்மா விழுந்தே?” என்றார். “சின்ன வயசுல. ஊஞ்சல்லேருந்து” என்றாள். “வெளிய நிக்கறாரே, அவர் யாரு?” என்றார். இது நான் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் இல்லை. வாலு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “சித்தப்பா” என்றாள். முத்திரை விழுந்தது. பெருமையாக இருந்தது ஐயா. என் பெண், எவ்வளவு சமர்த்து என்று நினைத்தேன். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியைக் கவனித்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். பிள்ளையின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன என்று பிறகு என் ஞாபகத்துக்கு வந்தது.

13. மூன்று மாதம் கழித்து அண்ணன் விடுப்பில் தனியாக வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று அண்ணி அனுப்பவில்லையாம். உறவினர் அனுமதிப் படிவத்தில் மட்டும் மறக்காமல் கையெழுத்துப் போட்டார். அதில் என் பெயர், மனைவி பெயர், வாலுவின் பெயர் மூன்றையும் எழுதினேன். பிள்ளையை விட்டுவிட்டு எழுதினால் குடும்பத்தை மறைத்ததாகத் தள்ளுபடி செய்வீர்கள். அடுத்த விடுப்பில் அவள் வந்துவிடுவாள் என்று அண்ணன் சொன்னார். அடுத்த விடுப்புக்கு அவரே வரவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார். வாலுவை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன். “தம்பி, நீங்க யாரப் பத்திக் கேக்கறீங்க? வாலு உங்க பொண்ணு, உங்ககிட்டதானே இருக்கணும். எம் பொண்ணு மொட்டு. அவ இப்ப ஸ்கூலுக்குப் போயிருக்கா” என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு வாத்தியார் விடை சொல்வதுபோல் சொன்னார். நான் கற்றுக்கொடுத்த பாடத்தை என் பெண்ணைவிட அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

14. தங்களுக்கு முதல் புகாரை அப்போதுதான் எழுதினேன். ‘தாங்கள் குறிப்பிடும் சிறுமி தன் பெற்றோருடன் முறைப்படி வசித்து வருவதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை’ என்று பதில் வந்தது. காவல் நிலையத்துக்குப் போய்ப் பெண்ணைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். “யாரு கூட்டிட்டுப் போனது?” அண்ணன். “உங்க பொண்ணு பேர்லயா?” இல்லை, அவர் பெண் பேரில். “அப்ப உங்க பொண்ணு எங்கயும் போகலையே சார். நம்ம நாட்டுலதான் இருக்கு. வீட்ல நல்லாத் தேடிப் பாருங்க.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சரி, மொட்டு இறந்ததையாவது பதியலாம் என்று பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தங்கள் பெண் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பதாக நினைக்கிறவர்கள் அதற்கு எங்கே வரப்போகிறார்கள்? எந்தக் கதவைத் தட்டினாலும் அதன் தாழ்ப்பாள் நான் போட்டதாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத வேலை, ஐயா.

15. சென்ற மாதம் 25ஆம் தேதி எங்கள் உறவினர் அனுமதி வந்தது. மூன்று அட்டைகள். இம்மாதம் 25க்குள் மூன்று பேரும் சேர்ந்து கடக்க வேண்டும். அதே மூன்றாம் கவுண்டருக்குப் போய், நானும் மனைவியும் மட்டும் போகிறோம், மூன்றாவது ஆள் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்றேன். அவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி யாரும் போகலையே சார்” என்றார். விட்டுவிட்டால் ஐந்து ஆண்டு. அப்போது அவளுக்குப் பதினான்கு வயதாகியிருக்கும். இந்தப் பதினாலு மாதத்திலேயே அவள் என்னவாகியிருக்கிறாள் என்பதை அடுத்த பத்தியில் சொல்கிறேன்.

16. அனுமதி வந்த வாரம் அண்ணி வீட்டில் இல்லாத நேரத்தில் போன் செய்தேன். வாலுவே எடுத்தாள். நான் யார் என்று சொல்லும் முன்பே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. “சித்தப்பா! நல்லா இருக்கீங்களா? சித்தி நல்லா இருக்காங்களா?” என்றாள். வாலு, நான் அப்பாடா, இங்கே யாரும் இல்லை, அடிக்க மாட்டேன், என்னை அப்பா என்று கூப்பிடு என்றேன். “வாலு உங்க வீட்லதானே இருக்கா சித்தப்பா? அவகிட்ட போனைக் குடுங்களேன், நான் பேசறேன்” என்றாள். சோதிக்கிறேன் என்று நினைத்துச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது பரவாயில்லை என்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

17. நகல் கடையைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணுக்கு ஒன்பது வயது, அட்டையில் உள்ள வாலுவின் பழைய போட்டோவுக்குப் பொருந்தும் முகம். தாங்கள் ஊகித்துவிட்டீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை, அந்த அம்மாளே வந்தார். கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். “ரெண்டு வேளைச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் கெடைச்சாப் போதும் சார். நீங்க என்ன பேரு வேணாலும் வச்சுக்கங்க” என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் போன பிறகு, ஒரே பெயருக்கு இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு, இந்தப் பெண்ணை என்ன செய்வேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முதல் அந்தப் பெண் எங்கள் வீட்டில் இருக்கிறாள். வந்த அன்று வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

18. அவளைப் பார்த்ததும் என் மனைவி பதினாலு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள். “இவளுக்கும் தழும்பு போடணுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். வாலுவின் படிவத்தில் நான் எழுதியிருந்தது வலது முழங்கைக்குக் கீழே உளுந்தளவு மச்சம் என்றுதான். அந்த ஒரு விஷயத்தில் இந்தப் பிள்ளை கொடுத்துவைத்தவள். என் மேசையிலுள்ள முத்திரை மையைக் கொண்டே வைத்துவிடலாம். மனைவி பிறகு ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “எனக்கு எம் பொண்ணப் பாக்கணும். யாரு கையப் புடிச்சுக்கிட்டுப் போனாலும் சரி.” செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மை வைப்பதும், வாலுவுக்குப் பின்னுவதுபோல இரட்டைப் பின்னல் போடுவதும் அவளேதான். அந்தப் பெண்ணை வாலு என்று முதலில் கூப்பிட்டதும் அவள்தான். அண்ணியின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் போன நான் இந்த முறை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்து என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

19. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை:

(அ) என் அண்ணன் குடும்பத்தின் படிவத்தையும் என்னுடைய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணைப்பில் உள்ள பள்ளி முகவரிக்கு ஒரு சிப்பந்தியை அனுப்பி, மொட்டு என்ற பெயரில் படிக்கும் சிறுமியின் வலது கைச்சட்டையை முழங்கைக்கு மேலே தூக்கச் சொல்லவும். மச்சம் இருக்கும். ஐந்து நிமிட வேலை. புருவத்துத் தழும்பை ஒரு மருத்துவரிடம் காட்டினால் அது ஊஞ்சலிலிருந்து விழுந்ததா, புது பிளேடா என்று சொல்லிவிடுவார்.

(ஆ) உண்மை விளங்கியதும் அவளை இந்தப் பக்கம் அனுப்பவும். இயலாதென்றால், அவளையும் ஒரு தலையாகக் கணக்கில் சேர்த்து நாங்கள் இருவர் மட்டும் கேட்டைக் கடக்க அனுமதிக்கவும். ஒரு வீட்டின் மூன்று பேரில் ஒருவர் முன்னாலேயே போய்விட்டதாக எண்ணிக்கொள்ளத் தங்கள் விதிகளில் இடமில்லாவிட்டால், ஓரத்தில் எழுதிக்கொள்ளவும்.

(இ) மோசடிக்கு எனக்கு என்ன தண்டனையோ கொடுக்கவும். ஆட்சேபம் இல்லை. அடித்ததற்கும் வெட்டியதற்கும் தங்கள் நாட்டுச் சட்டத்தில் தனித் தண்டனை இருந்தால் அதையும் சேர்க்கவும். அண்ணிக்கு மட்டும் இரக்கம் காட்டலாம் என்று எழுத நினைத்தேன். எனக்கு மனம் வரவில்லை.

(ஈ) எதுவானாலும் 24ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முடிவைத் தெரிவிக்கவும். நான் எதிர்ச்சாரியில்தான் இருப்பேன். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாலே கேட்கும்.

20. முன்கூட்டியே இதையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு இவன் எப்படிக் கேட்டுக்கு வருவான் என்று தாங்கள் நினைக்கலாம். எளிய கணக்கு. தாங்கள் மனுவின் நடுப்பகுதியைப் படிக்காத அதிகாரி என்றால் எனக்கு ஆபத்தில்லை. 25ஆம் தேதி காலை மூன்று பேர் வருவோம், மூன்று தலை எண்ணி முத்திரை குத்துவீர்கள். தாங்கள் படிக்கிற அதிகாரி என்றால் இந்த நடுப்பெண்ணுக்கு ஆபத்தில்லை. அவளைத் தன் அம்மாவிடம் அனுப்பிவிடலாம், என் பெண்ணும் வந்துவிடுவாள். பத்தொன்பது ஆண்டுகள் தங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் நான் எதை எதிர்பார்க்கிறேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

21. கடைசிப் பத்தியைத் தாங்கள் படிப்பீர்கள் என்பதால் ஒரு செய்தியை இங்கே வைத்திருக்கிறேன். தன் பெயருக்குத் திரும்பாமல் இருக்க என் மகளுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. இந்தப் பெண்ணை நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. நேற்று மாலை அவள் எங்கள் வீட்டில் இரண்டாவது தட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வைத்த சொந்தப் பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஐயா, தயவுசெய்து சீக்கிரம் படியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசலுக்கு எதிரே காத்திருப்பவன்,
(ஒப்பம்)
வாலுவின் அப்பா

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: பச்சைக் குடை, நகல் கடை வாசல்

இணைப்பு:
1. இரு சிறுமிகளின் முழுப் பெயர்களும், மொட்டு என்ற பெயரில் படிக்கும் சிறுமியின் பள்ளி முகவரியும்.
2. அண்ணன் குடும்பத்துப் படிவத்தின் நகல்.
3. எங்கள் உறவினர் அனுமதியின் நகல்.
4. மொட்டுவை அடக்கம் செய்த இடத்துக்கு வழிகாட்டும் படம், கையால் வரைந்தது. கல் இல்லை.
5. எங்கள் குடும்பப் புகைப்படம், புதியது. மூன்று பேர், காதுகள் தெரிய.